பல்லக்கு போன பிறகும் நடக்க வேண்டும்: தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு சித்திரையிலும் திருவையாற்று ஏழூர்த் திருவிழாவுக்காக வழி சீராகிறது. பல்லக்கு வரும் தடத்தில் முள் வெட்டுகிறார்கள், பள்ளத்தில் மண் கொட்டுகிறார்கள், தாழ்ந்து தொங்கும் கம்பியைத் தூக்கிக் கட்டுகிறார்கள். ஊருக்கு ஊர் தண்ணீர்ப்பந்தல், நீர்மோர், பானகம். இரண்டு நாள் ஏழு ஊரும் கல்யாண வீடு. மூன்றாம் நாள் காலையில் பந்தல் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு எல்லோரும் போய்விடுகிறோம். அதற்கப்புறம் அந்த வழி யாருடைய பொறுப்பு என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. இந்த மடல் அந்த மீதி நாட்களைப் பற்றியது.

வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் ஆகிய ஏழும்தான் ஏழூர். பங்குனியில் திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம் நடக்கும். சித்திரையில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு திருவையாற்றுச் சாமி ஐயாறப்பர் புறப்படுவார். அவருக்குக் கண்ணாடிப் பல்லக்கு. நந்திக்கும் சுயசாம்பிகைக்கும் வெட்டிவேர்ப் பல்லக்கு. போகிற ஊர்ச் சாமிகளும் அவரவர் பல்லக்கில் சேர்ந்துகொள்ள, மறுநாள் எல்லாம் திருவையாற்றில் வந்து கூடும். அங்கே சாமிகளுக்கு ஒரு பொம்மை பூப்போடும். அதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் நெரியும். கல்யாணத்துக்குச் சோறு வந்தது சோற்றுத்துறையிலிருந்து, பழம் பழனத்திலிருந்து, பூ பூந்துருத்தியிலிருந்து, வேதியர்கள் வேதிகுடியிலிருந்து, நெய் தில்லைஸ்தானத்திலிருந்து என்பது ஐதிகம். கல்யாணத்துக்குக் கை கொடுத்த ஊர்களுக்கெல்லாம் மணமக்களை அழைத்துப்போய்க் காட்டிவிட்டு வருகிறார் பெரியவர், இவ்வளவுதான் விஷயம். கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் சக்கரப்பள்ளியிலும் இதுபோன்ற ஏழூர்ச் சுற்றுகள் உண்டு. டெல்டாக்காரன் சாமியை வட்டமாக நடத்திக் கூட்டிப்போகப் பழகியவன்.

சாமியை மறந்துவிட்டு வரைபடத்தை மட்டும் பாருங்கள். திருவையாற்றில் கிளம்பிக் கிழக்கே பழனம். அங்கிருந்து தெற்கே இறங்கினால் சோற்றுத்துறை. பிறகு வேதிகுடி, மேற்கே திரும்பிக் கண்டியூர், இன்னும் மேற்கே பூந்துருத்தி, வடக்கே ஏறித் தில்லைஸ்தானம், மறுபடி திருவையாறு. கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விடும் வலச்சுற்று. பாடல் பெற்ற தலங்களின் கணக்கில் மூன்று காவிரிக்கு வடகரை, நான்கு தென்கரை. ஆகவே கிழக்குப் பக்கம் ஒருமுறையும் மேற்குப் பக்கம் ஒருமுறையும் காவிரியைக் கடந்தாக வேண்டும். நடுவில் குடமுருட்டி வேறு. தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலத்தையும் கண்ணை மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடுவார். நடப்பவருக்கு ஒவ்வோர் ஆறும் ஒரு நேரம் எடுக்கும். வயல், தோப்பு, வாய்க்கால், அக்கிரகாரம், குடியானத் தெரு, மறுபடி வயல் என்று மாறி மாறி வரும் இப்படியொரு சுற்றுவழி வேறு நாட்டில் இருந்திருந்தால் அதற்கு எப்போதோ ஒரு பெயர்ப்பலகை கிடைத்திருக்கும். நமக்குப் பல்லக்கு கிடைத்தது. அது பெரிய பேறு. ஆனால் பல்லக்கு ஆண்டுக்கு ஒருமுறைதானே வருகிறது.

டெல்டாவில் காடு ஏது என்று யாரும் கேட்கலாம். இருக்கிறது, அதற்குப் படுகை என்று பெயர். ஆற்றுக்கும் கரைக்கும் இடையில், வெள்ளம் வந்தால் முழுகி, வடிந்தால் வண்டல் விட்டுப்போகிற நிலம். மூங்கில் கொத்து, தென்னை, நாவல், தண்ணீரோரம் நீர்மருது. கரையிலிருந்து நாலடி கீழே இறங்கியதும் வெயில் சட்டென்று அறுந்துபோகும். மூங்கில் சருகு காலுக்குக் கீழே ஓயாமல் நொறுங்கும். காற்று அடித்தால் மேலே மூங்கிலோடு மூங்கில் உரசி முனகும். முதல்முறை கேட்கிறவர் யாரோ கதவைத் திறக்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். மயில் இப்போது எங்கும் வந்துவிட்டது, படுகையில் அதிகம். பூந்துருத்தி, நடுக்காவேரிப் பக்கம் போனால் படுகையே வாழைக்கொல்லை. காலையில் இலை அறுத்துக் கட்டுகிறவர்களின் சைக்கிள்கள் கரையோரம் சாய்ந்து நிற்கும். நடக்கிறவருக்கு இந்தச் சுற்றிலேயே மிக நல்ல பகுதி இந்தப் படுகைதான் என்பது என் அபிப்பிராயம். மிக வேகமாக அடைபட்டு வருவதும் இதுவே. ஓர் இடத்தில் முள்வேலி, ஓர் இடத்தில் குப்பை மேடு, ஓர் இடத்தில் சீமைக் கருவேலம். சென்ற ஆண்டு நான் நடந்த தடம் ஒன்றில் இந்த ஆண்டு இரும்பு கேட் நிற்கிறது. கேட் போட்டவரைக் கேட்டால் பட்டா நிலம் என்கிறார். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது வருவாய்த் துறையின் புல வரைபடம்; அவரும் இல்லை, நானும் இல்லை.

என் முதல் கோரிக்கையே அதுதான். இந்த ஏழு ஊர்களின் புல வரைபடங்களையும், ஊர் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டையும் வைத்துக்கொண்டு வண்டிப்பாதை, பாதைப் புறம்போக்கு, வாய்க்கால் கரை, ஆற்றங்கரை எதுவெது என்று அளந்து கல் நடச் சொல்லுங்கள். மாட்டுவண்டி ஓடிய காலத்தில் ஊரிலிருந்து ஊருக்கு இருந்த வண்டிப்பாதைகள் பல, பதிவேட்டில் இன்னும் உயிரோடு இருக்கின்றன, நிலத்தில்தான் செத்துவிட்டன. வண்டி போனதும் பாதையின் அகலம் போயிற்று. இரண்டு பக்க வயல்காரரும் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அந்த ஏக்கர் கணக்குக்காக யாரையும் வழக்கில் இழுக்கச் சொல்லவில்லை. நடப்பவருக்கு வண்டியின் அகலம் தேவையில்லை, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்குகிற அளவு போதும். அந்த அளவையாவது கல் நட்டுக் காப்பாற்றிவிட்டால் மீதியைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இங்கே விவசாயிகள் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சுற்றுலா நடை என்றாலே அவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. நடவுக்கு முன்னால் அண்டை வெட்டிச் சேறு அணைத்த வரப்பைப் பார்த்திருக்கிறீர்களா? மண்வெட்டியின் முதுகால் தடவி வழவழவென்று விட்டிருப்பார்கள். அந்த ஈரம் இறுகுவதற்குள் ஒரு செருப்புக் கால் அழுந்தினால் போதும், அந்தக் குழியில் தண்ணீர் கசியத் தொடங்கும். இரவோடு இரவாக மேல் வயல் தண்ணீர் கீழ் வயலுக்குப் போய்விடும். காலையில் இரண்டு பங்காளிகளுக்கும் சண்டை. அறுவடைக்குப் பின் வெறும் தாள் நிற்கிறது என்று நினைத்து வயலின் குறுக்கே நடப்பவருக்கு, நெல் நிற்கும்போதே அதற்குள் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள் என்பது தெரியாது. தாளுக்கு நடுவில் இரண்டு இலை விட்டிருக்கும் பயறை அவர் மிதித்துக்கொண்டு போவார். எனவே சுற்றுவழி வயல் வரப்பின் மேல் போகக் கூடாது. கரையிலும் வண்டிப்பாதையிலும் ஊர்த் தெருவிலும் மட்டுமே போக வேண்டும். குறி போட்ட வழி ஒன்று இருந்தால்தான் வெளியாள் வரப்பில் இறங்க மாட்டான்.

தை, மாசியில் சாலையே களமாகிவிடுவதும் உண்டு. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் பேச்சு வளரும்; அதனால் தார்ச்சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொள்ளும். காலால் தள்ளித் தள்ளி நெல்லில் கோடு போட்டுக்கொண்டே ஒரு பெண் வெயிலில் நடந்துகொண்டிருப்பார். அந்தச் சுற்றில் அன்று அதிக தூரம் நடப்பவர் அவராகத்தான் இருப்பார். நடைக்காரர்கள் நெல்லுக்கு ஒதுங்கிப் போகலாம், அதில் எங்களுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் ஒரு பக்கம் நெல், இன்னொரு பக்கம் லாரி என்றால் ஒதுங்க இடம் எங்கே? சிமெண்ட் களம் கேட்டு விவசாயிகள் கொடுக்கும் மனுக்களோடு இந்த மனுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஆற்றைக் கடப்பதைப் பற்றி. இந்த மடலில் நான் உண்மையில் சொல்ல வந்தது இதுதான்.

சித்திரையில் காவிரி மணலாகக் கிடக்கும். மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12-இல் தண்ணீர் திறந்து, ஜனவரி 28-இல் மூடுகிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு தேதி முன்பின் ஆனாலும் டெல்டாவின் நாட்காட்டி அதுதான். பாசனத் தண்ணீர் நின்ற பிறகு, அடுத்த முறை திறக்கும்வரை, ஆறு நடப்பவனுக்குச் சொந்தம். நம் முன்னோர் இந்தத் திருவிழாவைச் சித்திரையில் வைத்ததற்குச் சாத்திரத்தில் என்ன காரணம் சொன்னாலும் சரி, பல்லக்குத் தூக்குகிறவனின் காலைக் கேட்டால் ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதம் என்றுதான் சொல்லும். ஆனால் ஆடியிலோ கார்த்திகையிலோ அதே சுற்றை நடக்க வருகிறவன் கரையில் வந்து திகைத்து நிற்பான். எதிரே தோப்பு தெரியும், கோபுரம் தெரியும். நடுவில் முழு ஆறு. பாலம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று சொல்ல ஒரு பலகை இல்லை.

ஆகவே ஏழூர்ச் சுற்று உண்மையில் இரண்டு வழி. மணல் வழி ஒன்று, பாலத்து வழி ஒன்று. இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். புதிய பாலம் எதுவும் நான் கேட்கவில்லை. கரையில் வழி பிரியும் இடங்களில் ஒரு கல். ஒரு முகத்தில் மணல் வழி. மறு முகத்தில் பாலத்து வழி, தூரத்தோடு. மேட்டூர் திறந்து கல்லணைக்குத் தண்ணீர் வந்துசேர்ந்ததும் மணல் வழிக் கல்லின் மேல் ஒரு சிவப்புத் தகடை மாட்ட வேண்டும். ஆறு வற்றியதும் கழற்ற வேண்டும். மதகு திறக்கும் லஸ்கர் கையில் அந்தத் தகட்டைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. தண்ணீர் எப்போது வரும் என்று அவரை விடத் தெரிந்தவர் கரையில் எவரும் இல்லை. கோடையிலும் ஒரு எச்சரிக்கை தேவை. மணல் எடுத்த குழிகள் வெளியே தெரியாமல் தண்ணீர் கட்டி நிற்கும். இந்த ஆறுகளில் குளிக்கப் போய்த் திரும்பாத பிள்ளைகளின் செய்தி ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பேப்பரில் வருகிறது. மணல் வழி எந்த இடத்தில் ஆற்றில் இறங்கி எந்த இடத்தில் ஏறுகிறது என்று கம்பு நட்டுக் காட்டுவது அழகுக்காக அல்ல.

நிழல் அடுத்தது. இந்தச் சுற்றை வலமாக நடந்தால் காலையில் பழனத்தை நோக்கிப் போகும்போது சூரியன் முகத்துக்கு நேரே. மாலையில் கண்டியூரிலிருந்து பூந்துருத்திக்குப் போகும்போதும் முகத்துக்கு நேரே. கண்ணாடிப் பல்லக்கில் போகிறவருக்குக் கவலை இல்லை. தை, மாசியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் கிழக்கு மேற்காக ஓடும் வழியில் தெற்கு ஓரத்து மரம்தான் நிழல் கொடுக்கும். சித்திரையில் உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது இரண்டு பக்கத்துக் கிளையும் நடுவில் கைகோத்தால் ஒழிய நிழல் இல்லை. ஆகவே மரம் நடும் விழா என்று வந்தால் எந்தப் பக்கம், எந்த மரம் என்று பார்த்து நடுங்கள். கரையின் மேல் மரம் வேண்டாம், வேர் அழுகிப் பொந்து விழுந்தால் கரை உடையும் என்று பொறியாளர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. கரையின் வெளி அடிவாரத்தில் நடலாம். புங்கன், வேம்பு, இலுப்பை, நாவல் போதும். பனை விதை ஊன்றுவது நல்ல காரியம், ஊன்றட்டும். படம் எடுக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் பனை நிழலில் ஒருவரை உட்காரச் சொல்லிப் பாருங்கள்.

நடுப்பகலுக்கு வருவோம். கோயில்கள் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்தி, நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். நடப்பவனுக்கு நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் தேவைப்படுவது சரியாக அந்த நான்கு மணி நேரத்தில். கருவறையைத் திறக்கச் சொல்லவில்லை. வெளி மண்டபமோ கோபுரத்து நிழலோ ஒரு குழாயோடும், பெண்களுக்குப் பூட்டி வைக்காத ஒரு கழிப்பறையோடும் திறந்திருந்தால் போதும். இதே தஞ்சைச் சீமையில் மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் போகும் வழியெங்கும் சத்திரம் கட்டி நடந்து வருகிறவனுக்குச் சோறு போட்டார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் இன்னும் நிற்கிறது. எங்களுக்குச் சோறு வேண்டாம். திருவையாற்றில் அசோகா அல்வாவைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வோம்.

என்ன வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும், பயமே அதில்தான். கோரிக்கையைக் கேட்டதும் பேவர் பிளாக் பதித்து, இரு பக்கமும் வண்ண விளக்கு நட்டு, நுழைவில் தோரண வாயில் கட்டி, நடுவில் இதய வடிவத்தில் ஊர்ப் பெயர் வைத்துவிடுவார்களோ என்று நடுங்குகிறேன். மண் பாதை மண் பாதையாகவே இருக்கட்டும். பேவர் பிளாக் பதித்த கரையில் ஆறு மாதத்தில் டிப்பர் லாரி ஓடும். கரையின் தலைப்பில் இரண்டு கருங்கல்லை நெருக்கி நட்டால் சைக்கிள் நுழையும், லாரி நுழையாது. கரை பார்க்க வரும் ஜீப்புக்காக ஒரு கல்லை மட்டும் பூட்டைத் திறந்து எடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவும் ஒரு தோரண வாயிலுக்கு ஆகிற காசைத் தொடாது.

இன்று யார் நடக்கிறார்கள் என்ற கேள்வி வரும். கையில் இரு சக்கர வாகனம், பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ். நடை குறைந்துவிட்டது உண்மைதான். ஆனாலும் பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஊருக்குள்ளே போகிற கடைசித் தூரம் நடைதான். நடவுக்குப் போகிற பெண்கள் கரை வழியேதான் போகிறார்கள், ஆடு மேய்க்கிற கிழவர் கரையில்தான் போகிறார், ரேஷன் கடைக்குப் போகிற ஆயாவுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. இவர்களுக்கு முள் குத்தாத, நிழல் உள்ள, லாரி வராத வழி ஒன்று அமைந்தால், அதே வழியில் வெளியூர்க்காரர் நான்கு பேர் மகிழ்ச்சியாக நடந்துவிட்டுப் போகட்டும். சுற்றுலாவுக்கென்று தனி வழி போட்டால் அது இரண்டு ஆண்டில் முள் மண்டிவிடும். ஊர்க்காரர் கால் படுகிற வழிதான் நிற்கும். பூந்துருத்தியில் மடம் அமைத்துத் தங்கியிருந்த அப்பர் கையில் எப்போதும் இருந்தது புல் செதுக்குகிற உழவாரம். அவர் நடந்த மண்ணில் பாதையைச் செதுக்கும் வேலையை யாருக்கும் கௌரவக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் ஏன் உங்களுக்கு எழுத வேண்டும், ஊராட்சிக்கு எழுதினால் போதாதா என்றால், போதாது. ஆற்றங்கரை நீர்வளத்துறையிடம். தார்ச்சாலை நெடுஞ்சாலைத்துறையிடம். ஊர்த் தெருக்கள் ஊராட்சியிடம், மேலத்திருப்பூந்துருத்தி பேரூராட்சி. திருவையாற்றுக் கோயில் தருமபுரம் ஆதீனத்தின் நிர்வாகத்தில். மரம் வெட்டினால் ஒரு துறை, நட்டால் இன்னொரு துறை. ஒருவர் எல்லை முடிகிற இடத்தில் முள் தொடங்குகிறது. இவர்கள் அனைவரையும் ஒரு மேசையில் உட்கார வைக்கும் அதிகாரம் மாவட்டத்தில் ஒரே நாற்காலிக்குத்தான் இருக்கிறது. திருவிழாவுக்காக எப்படியும் கூட்டம் போடுவீர்கள். அந்தக் கூட்டத்தின் பொருள் நிரலில் "திருவிழாவுக்குப் பிறகு வழிப் பராமரிப்பு" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மே 1 கிராமசபையும் திருவிழாவை ஒட்டியே வருகிறது; பல்லக்குப் பேச்சு சூடாக இருக்கும் நேரம். ஏழூரில் கிராமசபை உள்ள ஊராட்சிகளெல்லாம் அன்று ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டால், எந்தத் துறையும் எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரைவு தயாரிக்கும் முன் அதிகாரிகள் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். காரில் ஏழு கோயிலையும் பார்த்துவிட்டு மதியத்துக்குள் தஞ்சாவூர் திரும்பிவிடலாம். அந்தப் பயணத்தில் நான் மேலே சொன்னதில் ஒன்றும் கண்ணில் படாது. மாசியில், அறுவடை ஓய்ந்து பயறு பூத்திருக்கும் சமயத்தில், விடிவதற்கு முன் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறைக்கு வாருங்கள். நீர்வளத்துறைப் பொறியாளர் ஒருவரும், புல வரைபடத்தோடு நில அளவர் ஒருவரும், ஊராட்சிக்கு ஒருவரும் கூட வந்தால் போதும். வழி காட்ட எங்கள் ஊர்களிலிருந்து பல்லக்குத் தூக்குகிறவர்கள் வருவார்கள். எந்த இடத்தில் ஆற்றில் இறங்குவது, எந்த இடத்தில் தோளை மாற்றுவது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவாருங்கள். தேதியை நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஏழூர்ச் சுற்றில் நடக்கும் ஊர்க்காரன்